நாக்குக்குக் கட்டமில்லை

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கிற அன்றைக்கு உத்திரமேரூர் வட்டாரத்தில் சொத்தைப்பல் என்று ஒன்று இருக்காது. தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு மோகன்குமார் இதை அறிவித்தான். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் கம்பவுண்டர் கிதர் முகம்மது. இன்னொன்று, சுவரில் அவன் அன்று காலை ஒட்டிய 'பல்லே செல்வம்' சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்த ஆடு. அவன் முகத்தில் விளையாட்டு ஒரு துளிகூட இல்லை.

"பெரியம்மையை ஒழிக்கலையா பாய்? அது மாதிரிதான். வீடு வீடா எண்ணணும், துலக்கக் கத்துக்குடுக்கணும், திரும்பப் போய்ப் பார்க்கணும். ரெண்டு வருஷம் தாராளம்."

கிதர் முகம்மது இருமல் மருந்தைக் கேனிலிருந்து புட்டிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அதில் துணி அளக்காமல் மருந்து அளக்கப் போனவர் இவர் ஒருவர்தான்.

"நல்லது தம்பி," என்றார். "எனக்கு நாலு சொத்தை கீது. ஒழிக்கிறப்ப சொல்லி அனுப்பு."

மோகன்குமார் டென்டல் ஹைஜீனிஸ்ட். சென்னையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தான். இந்த உத்தியோகத்தை ஊருக்குப் புரியவைப்பதிலேயே அவனுக்குப் பாதி நாள் போய்விடும். பல் டாக்டர் பிடுங்குவார், அடைப்பார். ஹைஜீனிஸ்ட் பல்லில் படிந்த காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்வான், துலக்கக் கற்றுத்தருவான், ஊர் ஊராகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணுவான். பிடுங்க மாட்டான். சட்டப்படி பிடுங்கக் கூடாது. "அப்ப இன்னாத்துக்கு?" என்று கேட்டது ஊர். கேட்டதோடு நில்லாமல் 'புடுங்காத டாக்டரு' என்று பெயரும் வைத்துவிட்டது.

பிடுங்குகிற டாக்டரின் இடம் ஒன்றரை வருஷமாகக் காலி. அவருக்கென்று பல் நாற்காலி மட்டும் முன்கூட்டியே வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், கரண்ட் கனெக்ஷன் இல்லாமல் ஓர் அறையில் நின்றது. மத்தியானம் சாப்பிட்டதும் கிதர் முகம்மது உறையோடு அதில் சாய்ந்து கண்ணயர்வார். அந்த நாற்காலியால் நிவாரணம் பெற்ற ஒரே நோயாளி அவர் முதுகு.

ஆகவே மோகன்குமாரிடம் மிச்சமிருந்தது ஒரு டார்ச், ஒரு வாய்க்கண்ணாடி, சுரண்டும் கருவிகள் நாலு, கட்டுக்கட்டாகப் படிவங்கள். படிவத்தின்மேல் அவனுக்குக் காதலே இருந்தது. மேலே பதினாறு கட்டம், கீழே பதினாறு கட்டம். நல்ல பல்லுக்குப் பூஜ்யம், சொத்தைக்கு ஒன்று, விழுந்ததற்கு இரண்டு, அடைத்ததற்கு மூன்று. அடைக்க ஆளில்லாததால் அந்த வட்டாரத்தில் மூன்றுக்கு வேலையே வரவில்லை. கடைசி வரியில் 'பொது நிலை' என்று இருக்கும். ஒரு மனுஷனின் வாய் முப்பத்திரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது மோகன்குமாருக்கு உலகமே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

அடங்காதது செல்லாயி மட்டும்தான்.

திருப்புலிவனம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் உட்கார்ந்து செல்லாயி பல்லுப் பூச்சி எடுத்தாள். அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை ஒரு கல்லின்மேல் வைப்பாள். அதன்மேல் எண்ணெயில் பிசைந்த கண்டங்கத்திரி விதையைப் போட்டு, ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியால் மூடுவாள். ஓட்டையில் பப்பாளித் தண்டைச் செருகி, எழும்புகிற புகையை வலிக்கிற பல்லில் பிடிக்கச் சொல்வாள். பிறகு கொட்டாங்கச்சியைத் தூக்கினால் சட்டித் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி மூன்று நாலு மிதக்கும். "தோ பாரு, உன் பல்லத் துன்னுகினு இருந்தவங்க," என்பாள். வந்தவன் பார்ப்பான். பாதி வலி அங்கேயே இறங்கிவிடும்.

மோகன்குமார் இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சோறு இறங்காமல் அலைந்தான். அவனே வேலியோரத்தில் கண்டங்கத்திரி பறித்து, கிதர் முகம்மதுவின் ஸ்டவ்வில் பரீட்சை செய்து பார்த்து, பூச்சியின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்தான். சூட்டில் விதை வெடித்து அதன் முளைதான் தண்ணீரில் விழுகிறது. அன்றைக்கே சட்டி, இரும்பு, கொட்டாங்கச்சி, தண்டு, விதை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டான். பைக்கு 'ஆதாரப் பை' என்று பெயர். ஊர் ஊராகப் போய் மேடையில் செய்துகாட்டி, செல்லாயியின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவது திட்டம்.

முதல் மேடை காவாந்தண்டலம் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தான்.

"சாருக்குப் பல் வலி உண்டா?"

"பொறந்ததுல இருந்து இல்ல," என்றார் தலைமையாசிரியர் பெருமையாக.

புகை காட்டினான். கொட்டாங்கச்சியைத் தூக்கி, சட்டியைக் கூட்டத்துக்கு நேராக நீட்டினான். ஏழு பூச்சி. "வலியே இல்லாத வாயிலிருந்து ஏழு. இதிலிருந்து என்ன தெரியுது? பூச்சி வாயில இல்லைங்க, விதையில," என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தான்.

கைதட்டல் வரவில்லை. வரிசை வந்தது. வரிசையின் முதலில் எல்லம்மாள், புருஷன் ஏகாம்பரத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். ஏரிப் பாசனத்தில் அரைக்காணி நெல் வைக்கிற குடும்பம். ஏகாம்பரத்துக்கு இடது கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை உண்டை அடங்கியிருக்கும்.

"இவருக்கும் எடுத்து வுடு சார்," என்றாள் எல்லம்மாள்.

"அம்மா, அது பூச்சியே இல்லம்மா. இப்பதானே சொன்னேன்."

"சொன்ன சார். கேட்டுகினுதான் இருந்தேன். செல்லாயிக்கு வலிக்கிற வாயிலயே மூணுதான் வருது. நீ வலியே இல்லாத வாத்தியாருக்கு ஏழு எடுத்துட்ட. படிச்சவங்க படிச்சவங்கதான்."

மோகன்குமார் மறுபடி விளக்கினான். வரிசை நீண்டது. மூன்றாம் தடவை விளக்கியபோது அது பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டிப் போயிற்று. அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்க வேலியைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று.

"இந்த ஜனங்களுக்கு மூளையில சொத்தை பாய்," என்றான் கிதர் முகம்மதுவிடம். "பொய்யைப் பிட்டுக் காட்டினா, பொய்யை எவ்வளவு அழகா சொல்றான்னு பார்க்கிறாங்க. அந்தச் சட்டியை வச்சிக்கிட்டு உட்கார்றதுக்கு நான் தூக்குல தொங்கலாம்."

"பேஜார் பண்ணிக்காத தம்பி," என்றார் அவர். "வலி இருக்கிறவன் காரணம் கேக்க மாட்டான். கையத்தான் கேப்பான்."

இது நடந்து மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில், அறுப்பு முடிந்த கையோடு ஏகாம்பரம் தனியாக வந்தார். வாசலிலேயே உண்டையைத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"செல்லாயி அனுப்பிச்சா சார்."

மோகன்குமார் எழுந்தே விட்டான். "யாரு, பூச்சி செல்லாயியா? ஏன், அவங்ககிட்ட பூச்சி தீர்ந்துபோச்சா?"

"எடுக்க மாட்டேன்னுட்டா. 'இது என் வேலை இல்ல, கவர்மென்ட்டு ஆளாண்ட காட்டு'ன்னா."

எதிரி ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டாள். அந்த வருஷத்தில் மோகன்குமாருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. கிதர் முகம்மதுவைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். ஏகாம்பரத்தை உட்காரவைத்து, கண்டங்கத்திரியிலிருந்து தொடங்கி இருபது நிமிஷம் பேசினான். மூடநம்பிக்கை எப்படி முதலில் பல்லையும் பிறகு நாட்டையும் அரிக்கிறது என்பதில் கொண்டுபோய் முடித்தான். ஏகாம்பரம் மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு எண்ணினான். இருபத்தெட்டு நல்லது, இரண்டு சொத்தை, இரண்டு விழுந்தது. முப்பத்திரண்டு கட்டமும் நிறைந்தன. காறை கறுப்பாக அப்பியிருந்தது. முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்கச் சுரண்டி எடுத்தான். கொப்பளித்துத் துப்பிவிட்டு ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார்:

"நாக்கோரமா ஒரு புண்ணு கீது சார். இந்தப் பக்கம். புகையிலை அடக்குற எடம்."

மோகன்குமார் 'பொது நிலை'க்கு எதிரே எழுதிக்கொண்டிருந்தான். நாக்குக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. "புகையிலையை நிறுத்துங்க. தானா ஆறிடும்," என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டு, 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

முகம் பார்க்கிற கண்ணாடியைக் காட்டினான். ஏகாம்பரம் தன் பல்லைத் தானே பார்த்து வெட்கப்பட்டார். "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி இல்ல சார்." இலவச பிரஷ் ஒன்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆனி மாதம் செல்லாயியே நேரில் வந்தாள். சுகாதார நிலையத்துப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. பின்னால் எல்லம்மாள், அவளுக்கும் பின்னால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஏகாம்பரம். பாதி உடம்பாகியிருந்தார்.

"நான் இன்னாத்துக்கு சார் இவர உன்னாண்ட அனுப்பிச்சேன்?" என்றாள் செல்லாயி. குரல் உயரவில்லை. "பல்லு வெளக்கி வுடவா?"

மோகன்குமாருக்குப் புரியவில்லை.

"இருபது வருசமா வாயிலயே கைய வுட்டுகினு கீறேன். எது வலி, எது வேறன்னு எனக்குத் தெரியாதா? நாக்கத் தொட்டா கல்லு மாரி இருந்துச்சி. கல்லுல பூச்சி எடுக்கறன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. படிச்சவன் பாப்பான்னு அனுப்பிச்சேன். நீ என்னிய பத்தி அரை மணி நேரம் பேசி அனுப்பிச்சிகிற."

மோகன்குமார் டார்ச்சை எடுத்தான். வாய்க்கண்ணாடியால் நாக்கை ஒதுக்கிப் பார்த்தான். டார்ச்சை அணைத்தான். தாடைக்குக் கீழே கழுத்தைத் தொட்டான். அங்கேயும் கல் இருந்தது. இரண்டு வருஷப் படிப்பில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. படத்தோடு. பரீட்சையில் அவனுக்கு அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து.

அவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது, தை மாதக் கட்டைப் பிரித்து அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தான். நலம். நல்ல கையெழுத்து. கிதர் முகம்மது தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். போய்ப் புட்டிகளைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததும் மோகன்குமாரே ஏகாம்பரத்தையும் எல்லம்மாளையும் பஸ் ஏற்றிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். சதை வெட்டி எடுத்துப் பரிசோதனை, படம், இன்னொரு படம் என்று நாலு தடவை நடந்தார்கள். நாலாம் தடவை ஒரு டாக்டர் எல்லாத் தாளையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எப்ப ஆரம்பிச்சது?"

"தையில சார்," என்றார் ஏகாம்பரம். அதற்குள் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

"அப்ப யாராண்டயாவது காட்டினீங்களா?"

ஏகாம்பரம் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் தரையைப் பார்த்தான். தரையில் சதுரம் சதுரமாகக் கல் பதித்திருந்தது.

"இல்ல சார்," என்றார் ஏகாம்பரம். "யாராண்டயும் காட்டல. நான்தான் சொம்மா வுட்டுட்டேன்."

டாக்டர் மோகன்குமாரைத் தனியாக அழைத்துக் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது என்றார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது லேட் என்றார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் நல்ல மனுஷன், அதைச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லம்மாள் கேட்டாள். "லேட்டுன்னாரே சார், அப்டின்னா இன்னா? இன்னிக்கு லேட்டாயிடுச்சி, வேற நாளு வரணுமா?"

மோகன்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செங்கல்பட்டு தாண்டுகிற வரைக்கும் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் கேட்கவில்லை. அதற்கு மேல் அந்த மூன்று பேரிடம் பேசியது கண்டக்டர் மட்டும்தான், அதுவும் டிக்கெட் கேட்டு.

அதன் பிறகு மோகன்குமார் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு படிவத்திலும் கீழே முப்பத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தான். உள்ளே 'நாக்கு, கன்னம், ஈறு' என்று எழுதினான். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் யார் வாயைத் திறந்தாலும் முதலில் நாக்கைத்தான் பிடித்தான். புரட்டாசிக் கடைசியில் மொத்தக் கட்டும் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டுக்குத்தான் இடம் இருக்கிறதாம், படிவத்தில் கை வைக்கக் கூடாதாம். அதே தபாலில் ஒரு பாராட்டுக் கடிதமும் இருந்தது. அவனுடைய வட்டாரத்தில் சொத்தைப் பற்கள் ஒரே வருஷத்தில் கணிசமாகக் குறைந்திருக்கின்றனவாம். உண்மைதான். பிடுங்க ஆளில்லாமல் அழுகி, அவை தாமாகவே விழுந்திருந்தன. 'நலம்' பட்டியலில் காவாந்தண்டலத்து ஏகாம்பரமும் இருந்தார்.

"சுவத்துல மாட்டுமா தம்பி?" என்று கேட்டார் கிதர் முகம்மது.

"ஆட்டுக்குப் போடுங்க பாய்," என்றான் மோகன்குமார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் எல்லம்மாள் தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தெப்பலாக நனைந்து வந்து நின்றாள்.

"வாயில பூச்சி கொடையுதாம் சார்," என்றாள். "வாய் பேசல. கையாலயே காட்டுறாரு. மூணு நாளா மாத்திரை எறங்கல, கஞ்சித்தண்ணியும் எறங்கல. பூச்சிய எடுத்து வுட்டா தூங்குவேன்னு காட்டுறாரு. செல்லாயியாண்ட போனேன். வருவா, ஆனா எடுக்க மாட்டாளாம்."

மோகன்குமார் டார்ச்சையும் வலி ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, சுகாதார நிலையத்து நர்ஸையும் அழைத்துக்கொண்டு போனான். ஊசி போட்டார்கள். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனாள். ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். சுவரில் சாமி படத்துக்குப் பின்னால் அந்த இலவச பிரஷ் கவர் பிரிக்காமல் செருகியிருந்தது. ஊசி ஏறி ஒரு மணி நேரமாகியும் அவர் விரல், கன்னத்தை விட்டு இறங்காமல், எதையோ நோண்டி எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் மோகன்குமாரை விட்டு அகலவில்லை.

செல்லாயி கதவோரமாகக் குந்தியிருந்தாள்.

"நீங்க எடுத்து விடுங்களேன்," என்றான் மோகன்குமார் அவளிடம், ரகசியமாக. இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவன் நினைத்ததில்லை.

"என்னால ஆவாது சார். இது என் வேலை இல்லன்னு தையிலயே அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னவ நானு. இப்ப நான் சட்டிய வெச்சா, 'எனக்காவத்தான் இவ பொய் சொல்றா'ன்னு கண்டுக்குவான்." முகத்தை மோகன்குமார் பக்கம் திருப்பினாள். "உன்னதான் நம்புவான். நீ வாத்தியாருக்கே ஏழு எடுத்தவன்."

மோகன்குமார் வெளியே போய், மழையில் சைக்கிளை மிதித்து, சுகாதார நிலையத்துக்குப் போய்த் திரும்பினான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மஞ்சள் பை சைக்கிள் பாரில் தொங்கியது.

எல்லம்மாள் அடுப்பை மூட்டிக் கொடுத்தாள். இரும்பு பழுத்தது. சட்டியில் தண்ணீர் ஊற்றி, கல்லை வைத்து, இரும்பை ஏற்றினான். விதையை எண்ணெயில் பிசைந்தான். ஒரு வருஷமாக மேடைமேடையாகச் செய்த கை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசனம் வைத்திருந்தான், இங்கே சிரிக்க வேண்டும், இங்கே நிறுத்த வேண்டும் என்று. இப்போது எதுவும் சொல்லவில்லை. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தான். தண்டைச் செருகினான். புகை உள்ளே போகாமல் கன்னத்தை மட்டும் தடவிக்கொண்டு போகிற மாதிரி தண்டைச் சாய்த்துப் பிடித்தான். இன்னொரு கையால் ஏகாம்பரத்தின் தலையைத் தாங்கிக்கொண்டான். அதில் கனமே இல்லை.

"இன்னும் கொஞ்சம்," என்றான். "வந்துகினு கீது."

அந்த ஊர்ப் பேச்சு அவன் வாயில் எப்போது ஏறியது என்று தெரியவில்லை.

கொட்டாங்கச்சியைத் தூக்கினான். சட்டியை ஏகாம்பரத்தின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனான். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. ஏகாம்பரம் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை விரித்து, எத்தனை என்று கேட்டார்.

மோகன்குமார் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினான். தப்பு வந்துவிடக் கூடாதென்று முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினான்.

"பதினொண்ணு," என்றான். "எல்லாம் வந்துடுச்சி."

ஏகாம்பரத்தின் விரல் கன்னத்தை விட்டு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். எல்லம்மாள் சட்டியை வாங்கிக்கொண்டு போய், கோழி பொறுக்காத இடமாகப் பார்த்து, வாசல் மழையில் கொட்டினாள்.